பண்பாட்டு ஆய்வும் பட்ட கடனும்

(பழங்குடி மக்களிடையே களப்பணிக்குச் செல்லவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உலகமயமாகிவரும் இக்காலத்தில் நலிந்த பிரிவினரின் பண்பாட்டை ஆராய்வது எங்ஙனம் என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். நான் மானிடவியல் பயின்றவன் அல்லன். பொருளாதாரம் பயின்று, மத்திய அரசின் பணியில் புள்ளிவிவரங்களோடு காலம் கழித்தவன். ஆகவே, பண்பாடு என்றால் என்ன என்று இலக்கணம் வகுக்க நான் முற்படப் போவதில்லை. பொருளாதார மாணவன் ஒருவன் கேட்கக்கூடிய கேள்வியையே கேட்க விரும்புகிறேன். ஆய்வாளர் ஒரு மக்கட் குழுவிடம் சென்று அறிவைப் பெற்று வருகிறார். அந்தப் பெறுகைக்குரிய கணக்கு எங்கே எழுதப்படுகிறது? கொடுத்தவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறதா? பெற்றவர் பெயரில் கடன் எழுதப்படுகிறதா?

இக்கேள்வி நூல்களிலிருந்து எனக்குக் கிடைத்ததன்று.

"பிற" என்னும் கட்டம்

பணியிற் சேர்ந்த புதிதில், 1990களின் நடுப்பகுதியில், அன்று ஒரிசா என வழங்கிய மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள மலைக் கிராமம் ஒன்றுக்குக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் பொருட்டுச் சென்றிருந்தேன். மூதாட்டி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வினாப் பட்டியலைத் திறந்தேன். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் மொழிபெயர்த்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு என்ற வரிசையில் விரைவாகவே பதில்கள் கிடைத்தன. வேறு என்னென்ன உண்பீர்கள் என்று கேட்டபோது அம்மூதாட்டி காட்டுக் கிழங்குகளையும் கீரைகளையும் காளான்களையும் பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினார். எது எந்த மாதத்தில் கிடைக்கும், எதை எத்தனை முறை வேகவைத்து நீரை வடித்தபின் உண்ண வேண்டும், எது பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது என்பனவற்றையும் சேர்த்தே சொன்னார். என் படிவத்தில் அவற்றிற்குத் தனிக் குறியீடு இல்லை. எல்லாவற்றையும் கூட்டி, "பிற" என்ற கட்டத்தில் ஒரே எண்ணாக எழுதினேன்.

நான் எழுந்தபோது அவர் ஒன்று கேட்டார். "போன ஆண்டும் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். அதற்கு முன்னும் ஒருவர் வந்தார். அந்தத் தாள்களெல்லாம் எங்கே இருக்கின்றன? எங்களைப் பற்றி அவற்றில் என்ன எழுதியிருக்கிறது?" தில்லியில் இருக்கின்றன என்று சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் எழுதிய எண்ணில் கணக்குப் பிழை ஏதுமில்லை. ஆயினும், அட்டவணையை மட்டும் படிப்பவருக்கு அக்குடும்பம் அரிசியும் உப்பும் சிறிது எண்ணெயும் தவிர வேறொன்றும் அறியாத குடும்பமாகவே தோன்றும். ஒரு மலைச்சரிவின் ஓராண்டு உணவு முறை முழுவதும் ஒரே கட்டத்தில் மறைந்து போயிற்று. ஏழ்மையை அளக்கச் சென்ற நான், அவர்களிடம் இருந்த செல்வத்தின் ஒரு பகுதியை அளக்கத் தவறினேன்.

எழுதுகோலின் அதிகாரம்

ஒரு மக்கட் குழுவைப் பற்றி எழுதுவது வெறும் எழுத்துப் பணி என்று எண்ணுதல் தவறு. நம் நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1871-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரையினர் சட்டத்தை இயற்றியது. நாடோடி வணிகமும் கால்நடை வளர்ப்பும் கூத்தும் தொழிலாகக் கொண்டிருந்த பல குழுக்கள் அதன் கீழ், பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனப் பட்டியலில் ஏற்றப்பட்டன. ஒரு குழுவின் வாழ்க்கை முறையைப் பற்றி அலுவலர் எழுதிய குறிப்பு, அக்குழுவிற் பிறந்த குழந்தையின் தலையெழுத்தாயிற்று. அச்சட்டம் 1952 ஆகஸ்டு 31 அன்று நீங்கியது. ஆயினும் பட்டியலில் ஏறிய பழி, பட்டியல் கிழிக்கப்பட்ட பின்னும் நெடுங்காலம் நீடித்தது என்பதை அம்மக்களிடையே பணிபுரிந்தோர் அறிவர்.

அக்கால அலுவலர் அனைவரும் பகைமையோடு எழுதினர் என்று கூறுவதும் பொருந்தாது. நாகா மலை மாவட்டத்தில் ஆட்சி அலுவலராகப் பணியாற்றிய ஜே. எச். ஹட்டன், அங்காமி நாகர்களையும் சேமா நாகர்களையும் பற்றி 1921-இல் இரு நூல்களை வெளியிட்டார். 1931-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பை நடத்திய ஆணையரும் அவரே. பின்னர்க் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். அவரும் அவர் காலத்தவரும் நாகா கிராமங்களிலிருந்து திரட்டி அனுப்பிய பொருள்கள் ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் ஆயிரக் கணக்கில் உள்ளன. ஆட்சி அலுவலர் ஒருவர் கேட்கும்போது, மறுக்கும் உரிமை கிராமத்தாருக்கு எந்த அளவு இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அங்ஙனம் நாகா மலைகளிலிருந்து கடல் கடந்து சென்றவற்றுள் மனித எச்சங்களும் இருந்தன. 2024 அக்டோபரில், இங்கிலாந்தின் ஏல நிறுவனம் ஒன்று நாகா முன்னோர் ஒருவரின் மண்டையோட்டை விலை குறித்து ஏலப் பட்டியலில் சேர்த்தது. நாகாலாந்தில் எதிர்ப்பு எழுந்தது. மாநில முதலமைச்சர் மத்திய அரசுக்கு எழுதினார். அப்பொருள் ஏலத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கேளாமல் எடுத்தது ஒரு நூற்றாண்டுக்குப் பின் சந்தைக்கு வருகிறது. கேளாமல் எடுத்தவை இறுதியில் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை எடுத்தவரே அறிய மாட்டார் என்பது இதனால் விளங்கும்.

விடுதலைக்குப் பின் நம் நோக்கு மாறியது என்பதில் ஐயமில்லை. இந்திய மானிடவியல் அளவீட்டு நிறுவனம் கே. எஸ். சிங் தலைமையில் 1985-இல் தொடங்கிய "இந்திய மக்கள்" ஆய்வு 4,635 சமூகங்களை இனங்கண்டு பதிவு செய்தது. எனினும் "பிற" என்னும் கட்டம் நம் ஏடுகளிலிருந்து நீங்கவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி எனக் கூறிய பெயர்கள் 19,569. இவை ஆராயப்பட்டு, 1,369 தாய்மொழிகள் என வகைப்படுத்தப்பட்டன. எஞ்சிய 1,474 பெயர்கள் வகைப்படுத்தப் பெறாமல் "பிற" என்பதில் சேர்ந்தன. பத்தாயிரம் பேரேனும் பேசும் மொழிகளே தனித்துக் காட்டப்பெறும் என்பது 1971 முதல் பின்பற்றப்படும் முறை. அதன்படி வெளியான மொழிகள் 121. பெரிய கணக்கெடுப்பில் ஏதேனும் ஓர் எல்லை வகுத்தே ஆக வேண்டும் என்பதை ஒரு புள்ளியியல் அலுவலனாக நான் அறிவேன். ஆனால் எல்லைக்கு வெளியே நின்றவர்கள் இல்லாதவர்கள் அல்லர் என்பதையும் அவ்வெல்லையை வகுத்தவர்களே நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

சந்தைக்கு வந்த அறிவு

1991-க்குப் பின் நம் பொருளாதாரம் உலகச் சந்தையோடு நெருங்கிப் பிணைந்தது. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியது. அதனோடு அறிவுசார் சொத்துரிமை பற்றிய உடன்படிக்கையும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மலைவாசியின் மூலிகை அறிவு ஆய்வாளரின் கட்டுரைக்குப் பொருளாக இருந்தது. இப்போது அது காப்புரிமைக்கும் வணிகத்திற்கும் மூலப்பொருளாயிற்று.

மஞ்சள் பற்றிய வழக்கை நீங்கள் அறிந்திருப்பீர்கள். புண்ணை ஆற்றும் மஞ்சளின் குணத்திற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு அதனை எதிர்த்தது. 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. இவ்வெற்றியைப் பெருமையோடு கூறுகிறோம். ஆனால் வெற்றி கிடைத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். பழைய வடமொழி நூல்களும், 1953-இல் இந்திய மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்த கட்டுரையும் சான்றுகளாக அளிக்கப்பட்டன. அயல்நாட்டில் ஒரு பொருள் பயன்பாட்டில் இருந்தது என்பதை மட்டும் அன்றைய அமெரிக்கச் சட்டம் சான்றாக ஏற்கவில்லை. அச்சான ஆவணம் வேண்டும் என்றது. 2011-இல் இயற்றிய சட்டத்தினாலேயே இந்நிலை மாறியது.

ஆகவே, மஞ்சளைக் காத்தது நூலேறிய அறிவு. நூலேறாத அறிவுக்கு அந்தக் காப்பு இல்லை. 2001-இல் தொடங்கிய மரபறிவு எண்ணியல் நூலகம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலியவற்றின் ஏடுகளைப் பல மொழிகளில் தொகுத்து அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலகங்களுக்குக் கிடைக்கச் செய்தது. மிக நல்ல பணி. எனினும் அதன் அடிப்படை எழுதப்பட்ட நூல்களே. என்னிடம் கிழங்குகளின் பெயர் சொன்ன மூதாட்டியின் அறிவு எந்த நூலிலும் இல்லை. நம் காப்புரிமைச் சட்டம் உள்ளூர்ச் சமுதாயங்களின் வாய்மொழி அறிவையும் ஆட்சேபத்திற்குரிய ஆதாரமாக ஏற்கிறது. ஆனால் அந்த ஆட்சேபத்தை உரிய காலத்தில் எழுப்ப, அப்படியோர் அறிவு உண்டு என்று யாரேனும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பரவல் சட்டம், உள்ளாட்சி தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுதப் பணித்தது. பல ஆண்டுகள் மெதுவாக நடந்த இப்பணி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதியைக் கெடுவாக விதித்தபின் விரைவு பெற்று, இன்று பதிவேடுகள் இரண்டரை இலட்சத்தைக் கடந்துள்ளன. கெடு நெருங்கும்போது படிவங்கள் எவ்வாறு நிறைகின்றன என்பதை அலுவலர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இச்சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தம், நூலேறிய மரபறிவைப் பயன்படுத்துவோருக்குச் சில கடப்பாடுகளிலிருந்து விலக்கு அளித்தது. ஆக, ஓர் அறிவு நூலில் உள்ளதா, வாய்மொழியில் உள்ளதா என்பது இன்று பணமதிப்புடைய வேறுபாடாகிவிட்டது.

காணி மக்களின் அனுபவம்

பெற்ற அறிவிற்குக் கடன் தீர்க்க முயன்றதற்கு நம் நாட்டிலேயே முன்னோடி எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதன் வெற்றியும் குறையும் இரண்டுமே நமக்குப் பாடமாகும்.

1987-இல், முனைவர் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு கேரளத்தின் அகத்தியமலைக் காடுகளில் பயணம் செய்தது. வழிகாட்டிகளாகச் சென்ற காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு கனியைத் தின்றுகொண்டு களைப்பின்றி ஏறினர். மூச்சிரைத்த அறிவியலாளர்களும் அதனை வாங்கித் தின்றனர்; களைப்பு நீங்கியதை உணர்ந்தனர். அது எந்தச் செடி என்று கேட்டபோது இளைஞர்கள் உடனே சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லலாகாத செய்தி என்று தயங்கினர். நெடிது வற்புறுத்திய பின்னரே ஆரோக்கியப்பச்சை என்ற அச்செடியைக் காட்டினர்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அச்செடியை ஆராய்ந்து, வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து, "ஜீவனி" என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் அதன் தயாரிப்பு உரிமம் கோயம்புத்தூரிலுள்ள ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் இரண்டு விழுக்காடு உரிமைத் தொகைக்கும் வழங்கப்பட்டது. இத்தொகையில் பாதி காணி மக்களுக்கு என நிறுவனம் முடிவு செய்தது. அதைப் பெறுவதற்கென 1997-இல் கேரள காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவாயிற்று. இதற்கெனச் சட்டம் ஏதும் இயற்றப்படாத காலத்தில், கட்டாயம் ஏதுமின்றி ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனம் இம்முடிவை எடுத்தது என்பது போற்றத்தக்கது. உலக நாடுகள் பல இதனை எடுத்துக்காட்டாகக் கூறின.

இனிக் குறைகளைக் காண்போம். அறிவைச் சொன்னவர்கள் சிலர். அறிவுக்குரியவர்களோ காணி மக்கள் அனைவரும். பிற பகுதிகளில் வாழ்ந்த காணிகள், தங்களைக் கேளாமல் தங்கள் மருத்துவ அறிவை விற்பதா என்று ஆட்சேபம் தெரிவித்தனர். முதலில் உரிமம், பின்னரே அறக்கட்டளை. அதாவது, விலை பேசி முடித்தபின் உடையவர்களைத் திரட்டினோம். மலையின் கிழக்கே தமிழ்நாட்டிலும் காணி மக்கள் வாழ்கின்றனர். அறக்கட்டளையின் பெயர் கேரளம் என்றிருக்க, செடிக்கோ அறிவுக்கோ மாநில எல்லை தெரியாது. மருந்திற்கு வேண்டிய இலையைப் பயிரிட்டு விற்கக் காணிகள் முன்வந்தபோது, காட்டிலுள்ள செடியும் களவு போகும் என்று வனத்துறை தடுத்தது. ஒரு துறை அறிவுக்கு மதிப்பளிக்க, மற்றொரு துறை அவ்வறிவால் பிழைக்கும் வழியை அடைத்தது. மருந்தின் பெயரையே அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் தன் வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டதாகவும் செய்தி வந்தது.

இக்குறைகள் எவையும் தீய எண்ணத்தால் விளைந்தன அல்ல. நல்லெண்ணம் உடையவர்கள், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்திற்குப் பின் கேட்டதால் விளைந்தவை. கடனைத் திருப்பித் தர எண்ணுவது மட்டும் போதாது. யாரிடம் பட்ட கடன் என்பதை முதலிலேயே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

எழுதாமல் விடலாமா?

இவற்றைக் கேட்டபின், இத்தனை தொல்லை இருப்பின் பதிவே செய்யாமல் இருந்துவிடலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அதுவும் தீர்வன்று. 2010 ஜனவரி 26 அன்று அந்தமானில் போவா என்ற மூதாட்டி காலமானார். அந்தமானியப் பெருங்குழு மொழிகளுள் ஒன்றான "போ" மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். தம் கடைசி ஆண்டுகளில் அம்மொழியில் உரையாட அவருக்கு ஒருவரும் இல்லை. மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி அவரோடு அமர்ந்து பதிவு செய்திராவிடில், பறவைகளுக்கும் மீன்களுக்கும் கடலுக்கும் அம்மக்கள் இட்டிருந்த பெயர்கள் பலவும் அவரோடு போயிருக்கும்.

எழுதினால் களவு போகக்கூடும். எழுதாவிடில் அழிந்து போகக்கூடும். இவ்விரண்டிற்கும் இடையே எதைத் தேர்வது? இதுவே இன்று நம் முன்னுள்ள உண்மையான இக்கட்டு. இதற்கு விடை கூறும் உரிமை ஆய்வாளருக்கும் இல்லை. அரசு அலுவலருக்கும் இல்லை. எதை எழுதலாம், எதை எழுதலாகாது, எழுதியதை யார் படிக்கலாம் என்பதை அறிவுக்கு உடையவர்களே முடிவு செய்ய வேண்டும். அவர்களால் முடிவு செய்ய இயலுமா என்று ஐயுறுவோருக்கு நியமகிரி விடை தருகிறது.

ஒடிசாவின் ராயகடா, காளஹந்தி மாவட்டங்களில் பரந்துள்ள நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டம் வழக்கு மன்றம் சென்றது. அம்மலை டோங்கிரியா கோந்து மக்களின் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அம்மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு கூறட்டும் என்று தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக இருக்க, பன்னிரண்டும் திட்டத்தை மறுத்தன. 2014-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்டு நில அனுமதியை மறுத்தது.

அத்திட்டத்தின் பொருளாதார நன்மை, தீமைகளுக்குள் நான் புகவில்லை. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. "மூடநம்பிக்கை" என்று ஒரு வரியில் ஒதுக்கப்பட்டிருக்கக் கூடிய ஒரு மலைத்தெய்வ வழிபாடு, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சான்றாக நின்றது. அச்சான்றை அளித்தவர்கள் அம்மக்களே. அளிக்கப்பட்டது அவர்தம் மொழியில், அவர்தம் சபையில். பண்பாடு என்பது வளர்ச்சித் திட்டத்தின் பின்னிணைப்பில் சேர்க்கும் அலங்காரக் குறிப்பன்று; அது முடிவை நிர்ணயிக்கும் உண்மை.

செய்ய வேண்டுவன

இனி, களத்திற்குச் செல்லும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில கூறுவேன்.

முதலாவது, ஒப்புதல். தலைவர் ஒருவரின் கைந்நாட்டு ஒரு மக்கட் குழுவின் ஒப்புதல் ஆகாது. கிராம சபையில், அவர்கள் மொழியில், எதற்காக எழுதுகிறோம், எழுதியது எங்கே போகும், அதனால் பணம் வருமாயின் யாருக்கு என்பதைச் சொல்லிக் கேளுங்கள். "வேண்டாம்" என்று சொல்வதற்கும் அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.

இரண்டாவது, பெயர். அறிவைத் தந்தவர் விரும்பினால் அவர் பெயரைக் குறியுங்கள். நம் ஆய்வேடுகளில் மேற்கோள் நூலாசிரியர்களுக்குப் பெயர் உண்டு. வாய்மொழியாகச் சொன்னவர் "தகவலாளி" என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறார். இதுவும் ஒருவகையில் "பிற" என்னும் கட்டமே.

மூன்றாவது, திருப்பித் தருதல். அறிக்கையின் ஒரு படி, அம்மக்கள் படிக்கவோ கேட்கவோ இயலும் வடிவில், அவ்வூர்ப் பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ இருத்தல் வேண்டும். இதற்கான செலவை ஆய்வுத் திட்ட மதிப்பீட்டிலேயே தனி இனமாகச் சேருங்கள். மதிப்பீட்டில் இல்லாத கடமை நிறைவேறுவதில்லை என்பது அரசுப் பணியில் நான் கற்ற பாடங்களுள் ஒன்று. 2024 மே மாதம் ஜெனீவாவில் நிறைவேறிய உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உடன்படிக்கை, மரபுவளத்தையும் அதனோடு கூடிய மரபறிவையும் அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்போர் அதன் மூலத்தை வெளியிட வேண்டும் என்கிறது. இது பரவலாக நடைமுறைக்கு வரும்போது, எந்த அறிவு எந்த ஊரிலிருந்து பெறப்பட்டது என்ற உங்கள் குறிப்பே அவ்வூராருக்கு ஆதாரமாகலாம்.

நான்காவதும் தலையாயதும், ஆய்வாளர்கள் அம்மக்களிடையிலிருந்தே தோன்ற வேண்டும். முண்டா இனத்திற் பிறந்த ராம் தயாள் முண்டா, சிகாகோவில் மொழியியல் பயின்று, அமெரிக்காவில் ஆசிரியப் பணி ஆற்றி, ராஞ்சிக்குத் திரும்பிப் பழங்குடி மொழிகளுக்கென ஒரு துறையை உருவாக்கினார். பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். சந்தாலி மொழிக்கு ரகுநாத் முர்மு 1925-இல் "ஒல் சிக்கி" எழுத்தை ஆக்கினார். 2003-இல் அம்மொழி அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. இவர்கள் தம் மக்களைப் பற்றி எழுதியபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வீட்டாராயினர். உங்கள் ஆய்வுத் திட்டங்களில் உள்ளூர் இளைஞர் ஒருவரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் வைக்காதீர்கள். உடன் ஆய்வாளராகச் சேருங்கள்.

நண்பர்களே, உலகமயமாதல் நின்றுவிடப் போவதில்லை. மலைக் கிராமத்துச் செடியும் பாடலும் ஓவியமும் இனி உலகச் சந்தையின் பார்வையிலிருந்து தப்ப முடியாது. அச்சந்தைக்கு முதலில் செய்தி சொல்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. நம் அறிக்கைகளும் கட்டுரைகளும் படிவங்களுமே. ஆகவே, நம் பொறுப்பு பெரிது.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட மூதாட்டியின் ஊருக்குப் பல ஆண்டுகள் கழித்து வேறொரு பணியின் பொருட்டுச் செல்ல நேர்ந்தது. அவர் காலமாகிவிட்டிருந்தார். அவர் பேத்தியிடம், பாட்டி சொன்ன கிழங்குகளின் பெயர்கள் தெரியுமா என்று கேட்டேன். சிலவற்றைச் சொன்னாள், பலவற்றை மறந்துவிட்டதாகக் கூறினாள். "நீங்கள் எழுதிக்கொண்டு போனீர்களே, அதில் இருக்குமே" என்றாள். அதில் இருந்தது ஓர் எண் மட்டுமே. அந்தக் கடனை நான் தீர்க்க வழியில்லை. நீங்கள் அத்தகைய கடன் படாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை இங்குச் சொன்னேன்.